அழித்து எழுதிய பத்து மணி

இது நடந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில், திருவனந்தபுரத்தில். அங்கே ஓர் அரசு அலுவலகத்தில் நான் குமாஸ்தா. எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ சபையில் செயலாளர் பொறுப்பும் என்னிடம் இருந்தது. சம்பளம் இல்லாத வேலைதான். ஆனால் அலுவலகத்தில் கிடைக்காத ஒன்று அதில் கிடைத்தது. நான் சொன்னால் நாலு பேர் கேட்டார்கள். அலுவலகத்தில் நான் சொல்லி ஒரு மின்விசிறியைக்கூட யாரும் போட மாட்டார்கள்.

எங்கள் சபையில் எல்லாத் தரத்து ஆட்களும் உண்டு. ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்கிறவர்கள், என்னைப் போன்ற உத்தியோகக்காரர்கள், மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து இங்கேயே வாடகை வீடு பிடித்துத் தங்கிவிட்டவர்கள். ஆராதனையில் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுவோம். முடிந்ததும் அவரவர் கூட்டம் அவரவர் மரத்தடிக்குப் போய்விடும். அதில் தப்பாக எதுவும் எனக்கு அன்று தோன்றியதில்லை.

கல்யாணங்களுக்கு நாளும் நேரமும் குறித்துக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. அதற்கென்று நீளமாக ஒரு டைரி உண்டு. கல்யாணம் நிச்சயமானால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் ஓலை வாசிப்போம். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை சொல்ல யாராவது இருந்தால் சொல்லலாம் என்று சபைக்கு அறிவிப்பதுதான் ஓலை. மூன்றாவது ஓலை முடிகிற வரை டைரியில் நேரத்தைப் பென்சிலில்தான் எழுதுவோம். யாராவது தடை சொல்லிவிட்டால் அழிக்க வேண்டி வருமே என்று எனக்கு முன்னால் இருந்தவர்கள் வைத்த வழக்கம் அது. யாரும் தடை சொல்லி நான் பார்த்ததில்லை. பென்சில் மட்டும் நின்றுவிட்டது.

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் லெந்து காலத்தில் நாங்கள் கல்யாணம் நடத்துவதில்லை. அதனால் ஈஸ்டர் முடிந்ததும் ஒரே நெருக்கடியாக இருக்கும். அந்த வருஷம் ஈஸ்டருக்குக் கொஞ்சம் முன்பு ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தார். கணவர் கொத்தனார். ஞாயிறுதோறும் பின்வரிசையில் பார்த்த முகம்தான், பெயர் மட்டும் எனக்குத் தெரியாது. மகளுக்குக் கல்யாணம், மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி வேண்டும் என்றார். பக்கம் காலியாக இருந்தது. எழுதிக்கொண்டேன்.

"பத்து மணி உறப்பாட்டு கிடைக்குமா சாரே?" என்று இரண்டு தடவை உறுதி கேட்டார்.

"அதான் எழுதியாச்சே" என்றேன்.

ஏன் அந்த நேரத்தில் அத்தனை குறியாக இருக்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

பத்து நாள் கழித்து ஆரியசாலை அண்ணாச்சி வந்தார். மிளகாய் வற்றலும் மல்லியும் லாரி லாரியாக இறக்குகிறவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். பேச்சில் இன்னும் அந்த ஊர் போகவில்லை. பகட்டு இல்லாத மனிதர். கடையிலிருந்து நேரே வந்தால் சட்டையில் வற்றல் நெடி அடித்து நமக்குத் தும்மல் வரும். ஆனாலும் அவர் என் தோளில் கை போட்டு 'தம்பி' என்று கூப்பிட்டால் நான் ஒரு சுற்று பெருத்துவிடுவேன். நாலு பேர் பார்க்க அவர் என்னிடம் நின்று பேச வேண்டும் என்பதற்காகவே ஆராதனை முடிந்ததும் அவர் வருகிற வழியில் போய் நிற்கிற ஆள் நான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைச் சொல்லாமல் விட்டால் நான் அடுத்துச் செய்தது உங்களுக்குப் புரியாது.

அவர் மகளுக்கும் அதே திங்கட்கிழமைதான் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் பாளையங்கோட்டை. "எந்த நேரம் ஒழிவா இருக்குன்னு பாரும் தம்பி. காலையில ஆனாலும் செரி, மத்தியானம் ஆனாலும் செரி, எங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றார்.

டைரியைத் திறந்தேன். பத்து மணியில் கொத்தனார் மகள் இருந்தாள். பென்சிலில் இருந்தாள்.

"பத்து மணி இருக்கு அண்ணாச்சி" என்றேன். என் வாய் அதைச் சொல்லி முடித்த பிறகுதான் மனது கணக்குப் போட்டது. அவர் போனதும் ரப்பரை எடுத்து அழித்தேன். கொத்தனார் மகளைப் பன்னிரண்டரைக்கு இறக்கினேன். அண்ணாச்சி வீட்டுப் பெயரைப் பென்சிலில்கூட எழுதவில்லை, நேரே பேனாவில் எழுதினேன்.

பின்னால் வந்தவர்களைப் பிந்திய நேரத்துக்குப் போடுவதுதானே முறை? அதற்கும் என்னிடம் ஒரு காரணம் இருந்தது. அண்ணாச்சி வீட்டுக் கல்யாணத்துக்கு முந்தின நாளே ஆலயத்தைப் பூவால் நிரப்பிவிடுவார்கள், சிவப்புக் கம்பளம் விரிப்பார்கள். கொத்தனார் வீட்டுக் கல்யாணம் முதலில் நடந்தால் ஒரு வேன் நிறையச் சனம் வந்து கம்பளத்தை மிதித்துப் பூவைக் கலைத்துவிடும் என்று நினைத்தேன். இப்படித்தான் நினைத்தேன், இதே வார்த்தைகளில். அந்த நாட்களில் ஞாயிறு பள்ளியில் பெரிய பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவனும் நான்தான். கடவுள் ஆள் பார்த்து நடக்கிறவர் இல்லை, நாமும் பட்சபாதம் காட்டக்கூடாது என்று கரும்பலகையில் எழுதிப் போட்டுப் பிள்ளைகளைச் சொல்ல வைத்திருக்கிறேன்.

இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவைக் கூப்பிட்டு நேரம் மாறிவிட்டது என்றேன். அவர் முகம் சட்டென்று வாடிவிட்டது.

"பத்து மணிண்ணா பெரிய உபகாரமா இருக்கும் சாரே. அவருக்கு..." என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தார்.

"கல்யாண அட்டை அடிச்சாச்சா?" என்று நான் குறுக்கே கேட்டேன்.

"இல்ல சாரே, நாளைக்குத்தான் குடுக்கணும்."

"அப்ப நல்லதாப் போச்சு. பன்னிரண்டரைன்னு போட்டுக்கோங்கம்மா. சர்ச் காரியம், நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அவர் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். நான் வேறு ஏதோ காகிதத்தை எடுத்துத் தீவிரமாகப் படிக்க ஆரம்பித்தேன். அலுவலகத்தில் எத்தனையோ வருஷமாகக் கைவந்த வித்தை அது. "செரி, சாரு சொன்னா செரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். சண்டை போடாமல் போகிறாரே என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.

கல்யாணத் திங்கட்கிழமை வந்தது. வெள்ளை வேட்டி சட்டையில் காலை எட்டு மணிக்கே நான் ஆலய வளாகத்தில் ஆஜர். உள்ளே ரோஜாவும் மல்லிகையுமாக மணம் ஆளைத் தூக்கியது. பாடகர் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. நான் கையை வீசி வீசிக் கார்களுக்கு இடம் காட்டிக்கொண்டிருந்தேன். பெண்ணைப் பெற்றவர்கூட அத்தனை பெருமையாக நின்றிருக்க மாட்டார்.

ஒன்பதே கால் இருக்கும். ஓர் ஆட்டோ உள்ளே வந்து போர்ட்டிகோவை ஒட்டி நின்றது. பின்சீட்டில் ஒரு மனிதர் ஒரு காலில் தொடை வரைக்கும் மாவுக்கட்டுடன், அதைக் குறுக்கே நீட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வற்றி உலர்ந்த தேகம். புதுச் சட்டை மட்டும் மடிப்பு கலையாமல் பளிச்சென்று இருந்தது. பெரிய இடத்துக் கல்யாணம் என்று கேள்விப்பட்டு உதவி கேட்க வந்திருக்கிறார் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

"ஆட்டோ எல்லாம் இங்க நிக்கக் கூடாது. கார் வர்ற நேரம். கேட்டுக்கு வெளியே போடு" என்றேன்.

டிரைவர் மலையாளி. "சாரே, இயாளுக்கு நடக்கான் பற்றில்ல" என்றார். இவரால் நடக்க முடியாது என்கிறார். எனக்கு அது புரியாமல் இல்லை. "நடக்கச் சொல்லலியே, வண்டியைத்தானே எடுக்கச் சொன்னேன்" என்றேன். சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக நினைப்பு வேறு.

ஆட்டோவில் இருந்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "செரி சாரே, நாங்க வெளிய நிக்குறோம். ஒரு புத்திமுட்டும் சிரமமும் இல்ல" என்றார். வண்டியைக் குலுங்காமல் தள்ளியே கொண்டுபோய்க் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிறுத்தினார் டிரைவர். நான் அடுத்த காருக்குக் கையை வீசப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி வந்தார். வழக்கமாகக் காரிலேயே உள்ளே வருகிறவர் அன்றைக்குக் கேட்டிலேயே இறங்கி நடந்து வந்தார். பட்டு வேட்டி, தோளில் அங்கவஸ்திரம். முகம் மட்டும் கல்யாண முகமாக இல்லை. நேரே என்னிடம் வந்தார்.

"வெளிய ஆட்டோல ஒருத்தர் காலுல கட்டோட இருக்காவ. ஒரு கல்யாணப் பொண்ணு வெள்ளைச் சேலையும் முக்காடுமா ரோட்டுல குனிஞ்சு நிக்கி. அவிய அது தலையில கையை வச்சு ஜெபம் பண்ணுதாவ. ரெண்டு பேரும் அழுதாவ. அது யாருன்னு தெரியுமா தம்பி?"

எனக்கு அந்த நிமிஷம்கூட முழுதாகப் பிடிபடவில்லை. இன்றைக்குப் பன்னிரண்டரைக்கு இன்னொரு கல்யாணம் இருக்கிறது, கொத்தனார் ஒருவருடைய மகள் என்றேன்.

"அவியதான் அந்தக் கொத்தனார்" என்றார் அண்ணாச்சி.

அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டதைச் சொன்னார். கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்து இரண்டு மாதம் ஆகிறது. எலும்பு ஒட்டாமல் புண் சீழ் வைத்து இன்னும் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி வார்டில்தான் கிடக்கிறார். மாப்பிள்ளை வளைகுடாவில் கம்பி கட்டுகிற பையன், லீவு முடியப் போகிறது, கல்யாணத்தைத் தள்ளிப் போட வழியில்லை. டாக்டர் கையில் காலில் விழுந்து ஒரே ஒரு காலைப் பொழுதுக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள். பன்னிரண்டு மணிக்கு அடுத்த ஊசி, அதற்குள் கட்டிலுக்குத் திரும்பிவிட வேண்டும். அதற்காகத்தான் அந்த அம்மா பத்து மணி கேட்டிருக்கிறார். நேரம் மாறியதும் ஆஸ்பத்திரியில் மறுபடி போய்க் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். நடக்கவில்லை. கல்யாணத்தைத்தான் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை, கல்யாண உடுப்பிலாவது மகளைப் பார்த்து ஆசீர்வதித்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். அவரைத்தான் நான் கேட்டுக்கு வெளியே தள்ளியிருந்தேன்.

"முதல்ல அவங்களுக்குத்தான் பத்து மணி கெடச்சுதாம், பொறவு மாத்திட்டாவளாம். அந்தம்மா சொல்லுதா. நெசமா தம்பி?"

ஏதோ குழப்பம் நடந்துவிட்டது, விசாரிக்கிறேன் என்று மழுப்பப் பார்த்தேன். அதற்குள் போதகர் ஐயா அங்கியோடு வெளியே வந்துவிட்டார். இரண்டு பேரும் என் முகத்தையே பார்த்தார்கள். பொய் சொல்ல எனக்குப் பழக்கம் உண்டு, ஆனால் அங்கி போட்டவர் எதிரில் அது வரவில்லை. உங்களுக்காக நான்தான் மாற்றினேன் அண்ணாச்சி என்று சொல்லிவிட்டேன்.

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"நான் கேட்டனா தம்பி?" என்றார். "எது ஒழிவா இருக்குன்னுதானே கேட்டேன்? எம்மவ கல்யாணத்தை இப்படியா நான் நடத்தணும்?"

பெரிய மனிதர்கள் கேட்பதற்கு முன்பே குறிப்பறிந்து செய்கிறவன் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அவர் ஆசைப்படாத ஒன்றைக் கொண்டுபோய் அவர் கையில் திணித்து, அதில் அவரையும் பங்காளி ஆக்கிவிட்டிருந்தேன். தலையைத் தூக்க முடியவில்லை.

போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முதலில் கொத்தனார் மகள் கல்யாணத்தை நடத்திவிடலாமா என்று அண்ணாச்சியைக் கேட்டார். அதுதான் செய்ய வேண்டியது என்றார் அவர். ஆனால் மாப்பிள்ளை எங்கே? பன்னிரண்டரைக் கல்யாணத்துக்கு ஒன்பதரைக்கு யார் வந்து நிற்பார்கள்? பாப்பனங்கோட்டில் அவன் அக்கா வீட்டில் இருப்பதாகவும் பதினொன்றரைக்குத்தான் அங்கிருந்து புறப்படுவார்கள் என்றும் அந்த அம்மா சொன்னார். அந்த வீட்டில் போன் கிடையாது. இன்றைக்குப் போல எல்லார் சட்டைப் பையிலும் போன் இருந்த காலமா அது.

அண்ணாச்சி சம்பந்தியிடம் போனார். நான் பின்னாலேயே போனேன். சம்பந்தி தன்மையானவர்தான், கேட்டதும் தலையசைத்துவிட்டார். ஆனால் மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருவர், "பத்தரைக்கு மேல யமகண்டம்லா?" என்று காதோடு காதாகச் சொன்னது எல்லாருக்கும் கேட்டது. எங்களுக்கு நேரம் காலம் எதுவும் கிடையாது என்று ஊருக்குச் சொல்லுவோம். கல்யாணம் என்று வந்தால் காலண்டரைத் திருப்பிப் பார்க்காத வீடு குறைவு.

"அப்பம் பன்னெண்டுக்கு மேல வச்சுக்கிடுவோம் மாமா. தம்பி, பன்னெண்டரைக்கு இடம் ஒழிவாத்தானே இருக்கு?" என்று என்னைப் பார்த்தார் அண்ணாச்சி. அந்தக் கேள்வி எனக்கு எங்கே போய்க் குத்தியது என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

அவர் மகள் வந்து இறங்கிய கார் பூ அலங்காரத்தோடு நின்றது. அதை எடுத்துக்கொண்டு போய்க் கொத்தனார் வீட்டு மாப்பிள்ளையைக் கூட்டி வர என்னையே அனுப்பினார். கரமனைப் பாலத்து நெரிசலில் மாட்டியபோது பக்கத்து பஸ்ஸிலிருந்து எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பூச்சரங்களுக்கு நடுவே வேர்த்து வழிய நான் ஒருத்தன் உட்கார்ந்திருந்தேன். எப்படியாவது நேரத்துக்குப் போய்விட வேண்டும் என்று அன்றைக்கு ஜெபித்த மாதிரி நான் அதற்கு முன்பு ஜெபித்ததில்லை.

பாப்பனங்கோட்டில் மாப்பிள்ளை கைலியோடு வாசலில் உட்கார்ந்து பாதி முகம் சவரம் செய்திருந்தான். என்னையும் காரையும் பார்த்துப் பயந்து எழுந்தான். கல்யாணம் நின்றுவிட்டது என்று நினைத்துவிட்டானாம். விஷயத்தைச் சொன்னதும் மீதி முகத்தை இரண்டு இழுப்பில் முடித்துக் கோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து ஏறினான். அவன் அப்பா, அம்மா, அக்கா மூவரும் இடித்துப் பிடித்து ஏறிக்கொண்டார்கள். மற்றவர்கள் பஸ்ஸில் வருவதாகச் சொன்னார்கள். பத்தே முக்காலுக்கு ஆலயம் வந்து சேர்ந்தோம்.

உள்ளே அண்ணாச்சியின் விருந்தாளிகள் நிறைந்து உட்கார்ந்திருந்தார்கள். சிலர் முணுமுணுத்தார்கள், சிலர் காபி குடிக்க வெளியே போனார்கள், தாய்மாமன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தூணோரம் இருந்தார். ஆனால் பெரும்பாலோர் எழுந்து போகவில்லை. அண்ணாச்சியின் தம்பி மகன்கள் நாலு பேர் சூட்டும் டையுமாக ஒரு நாற்காலியைக் கொண்டுபோய்க் கொத்தனாரை அதில் உட்கார வைத்து, கட்டுப் போட்ட காலை ஒருவர் தாங்கிக்கொள்ள, கம்பளத்தின் மேலேயே தூக்கி வந்தார்கள். கலைந்துவிடும் என்று நான் பயந்த கம்பளம் அது. பாடகர் குழு அண்ணாச்சி மகளுக்காக ஒத்திகை பார்த்த பாட்டைக் கொத்தனார் மகளுக்குப் பாடியது. பட்டுச் சேலைக்காரர்கள் எழுந்து நின்று கூடவே பாடினார்கள்.

இந்தப் பெண்ணை மணமுடித்துக் கொடுக்கிறவர் யார் என்று கேட்கிற கட்டம் வந்தது. போதகர் பீடத்தின் அருகே நின்று கேட்காமல் நாற்காலி வரைக்கும் இறங்கி வந்து கேட்டார். கொத்தனார் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான், எனக்க மகளை நான் குடுக்கேன்" என்றார். அவ்வளவு பெரிய ஆலயத்தில் கடைசி வரிசை வரைக்கும் அது கேட்டது. நான் கதவருகே நின்றுகொண்டு அழுதேன். மனது நெகிழ்ந்து வந்த அழுகை என்று அன்றைக்கு யாராவது நினைத்திருந்தால் அது தப்பு. நான் என்ன செய்ய இருந்தேன் என்கிற பயத்தில் வந்த அழுகை அது.

பதினொன்றே காலுக்கு எல்லாம் முடிந்தது. பொண்ணு, மாப்பிள்ளை இரண்டு பேரையும் கொத்தனார் உச்சி முகர்ந்தார். "கரையாத மக்களே", அழாதே என்று மகளிடம் சொல்லிவிட்டுத் தான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதே ஆட்டோவில் அவரை ஏற்றி அனுப்பினோம். வண்டி போர்ட்டிகோவிலிருந்துதான் புறப்பட்டது.

அண்ணாச்சி மகளின் கல்யாணம் பதினொன்றேமுக்காலுக்கு ஆரம்பித்தது. போதகர் பாட்டையும் பிரசங்கத்தையும் என்றைக்கும் இல்லாத அளவு நீட்டினார். தாலி கட்டும்போது பன்னிரண்டு தாண்டிவிட்டது. தாய்மாமன் முகம் தெளிந்துவிட்டது. அது தற்செயலா என்று போதகரை நான் கேட்கவில்லை.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் முடியவில்லை. செயலாளர் பொறுப்பை விட்டுவிடுகிறேன் என்று போதகரிடம் முணுமுணுத்தேன். அதைப் பிறகு பேசலாம், பன்னிரண்டரை என்று அட்டையில் படித்துவிட்டு வருகிறவர்களுக்குக் கேட்டில் நின்று யாராவது பதில் சொல்ல வேண்டும் என்றார். போய் நின்றேன். பன்னிரண்டு மணியிலிருந்து வர ஆரம்பித்தார்கள். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, கை கால் கழுவியும் நகக்கண்ணில் சிமென்ட் போகாத மேஸ்திரிகள், சித்தாள்கள். குழித்துறையிலிருந்து வேனில் வந்த பெண்ணின் மாமன்மார், சித்திமார். கையில் பரிசுப் பொட்டலத்தோடு வந்த ஒவ்வொருவரிடமும், கல்யாணம் முடிந்துவிட்டது, நேரத்தை மாற்றியது என் தவறு என்று சொன்னேன். ஒரு கிழவர் நான் சொல்வதை நம்பாமல் அட்டையை எடுத்து விரித்து என்னிடமே காட்டினார். அவர் பெண்ணின் பெரியப்பா. தாய்க்கும் தகப்பனுக்கும் அடுத்து மேடையில் நிற்க வேண்டியவர். நான் ஒரு முறை கெடுத்ததைச் சரி செய்யப் போய், அதில் இன்னும் எத்தனையோ பேருடைய கல்யாணம் கெட்டுவிட்டது. அதற்கு என்னால் எதுவும் செய்ய முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் அலுவலகம் விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கொத்தனார் கட்டிலில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் அந்த அம்மா. என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். உட்கார எனக்குக் கூசியது.

"சாரு தானே கார்ல போய் மாப்பிள்ளையக் கூட்டிட்டு வந்தியளாம். ஆண்டவர் ஒங்கள நல்லா வைக்கணும் சாரே" என்றார் கொத்தனார்.

அந்த நன்றியை வாங்கிக்கொண்டு திரும்பிவிட எனக்கு ஒரு கணம் ஆசை வந்தது உண்மை. பிறகு சொல்லிவிட்டேன். உங்களுக்குக் கொடுத்த நேரத்தை அழித்தவன் நான்தான், ஆட்டோவை வெளியே போடச் சொன்னவனும் நான்தான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன்.

"தெரியுமே சாரே" என்றார். குரலில் கொஞ்சமும் வருத்தம் இல்லை. "அன்னைக்கே இவ வந்து சொன்னா. பெரிய எடத்துக் கல்யாணம் வந்திருக்கும், அதான் நம்மள மாத்தியிருப்பாவண்ணு நான்தான் சொன்னேன். எல்லா எடத்துலயும் உள்ளதுதானே. அதுல சாருக்க பேர்ல என்ன தப்பு?"

அந்த அம்மாவும் ஆமாம் என்று தலையசைத்துக்கொண்டே ஆரஞ்சை உரித்துச் சுளைகளை என் கையில் வைத்தார்.

அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை, உண்மையாகவே எனக்கு ஆறுதல்தான் சொன்னார். அதை நினைத்து நினைத்துப் பார்த்தபடி பஸ் ஏறாமல் உள்ளூர் என்கிற ஜங்ஷன் வரை நடந்தேன். வேலை செய்கிற இடத்தில் ஒதுங்கி நிற்கச் சொல்லுவார்கள், ரேஷன் கடையில் சொல்லுவார்கள், அவர்களுக்கு அதெல்லாம் பழகிப் போன விஷயம். ஆனால் ஆலயத்தில் அப்படி நடந்தபோதுகூட அவர்கள் ஆச்சரியப்படவில்லை. இங்கேயுமா என்று ஒரு கேள்வி அவர்கள் மனதில் எழவேயில்லை. அந்தக் கேள்வியே எழாதபடிக்கு வருஷக்கணக்காக அவர்களைப் பழக்கியவர்களில் நானும் ஒருத்தன். அழித்த நேரத்தை அண்ணாச்சியின் புண்ணியத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டோம், ஆனால் கடவுளின் வீட்டிலாவது நம்மை ஆள் பார்த்து நடத்த மாட்டார்கள் என்று எதிர்பார்க்கிற உரிமையை அந்த இரண்டு பேருக்கும் எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.